வயிற்றுப்போக்கு நின்றுவிட்டது, துத்தநாக மாத்திரையை நிறுத்தலாமா? மாமி வேண்டாம் என்கிறார், கணவர் ஆண்டு முழுக்கக் கொடு என்கிறார்

தக்கலைத்_தாய் | திங்கள், காலை 9.40

எல்லோருக்கும் வணக்கம். என் மகனுக்கு இரண்டரை வயது. போன வாரம் மழை பிடித்த மூன்றாம் நாள் வயிற்றாலை போகத் தொடங்கியது. தண்ணீர் தண்ணீராக, ஒரு நாளைக்கு எட்டு ஒன்பது தடவை. டாக்டர் ஓ.ஆர்.எஸ். பொட்டலமும், 20 மில்லிகிராம் ஜிங்க் (துத்தநாக) மாத்திரை பதினான்கும் எழுதிக் கொடுத்தார். வேறு ஒன்றும் எழுதவில்லை.

நான்காம் நாள் போக்கு நின்றுவிட்டது. இப்போது நன்றாக விளையாடுகிறான், கஞ்சி குடிக்கிறான். ஐந்து மாத்திரை போயிருக்கிறது, அட்டையில் இன்னும் ஒன்பது இருக்கிறது. மாத்திரையை வாயில் வைத்ததும் முகத்தைச் சுளித்துத் துப்பிவிடுகிறான். இரண்டு நாள் வாந்தியும் எடுத்தான். "நின்ன பிறகும் எதுக்கு பிள்ளைய பாடுபடுத்துத?" என்கிறார் மாமி. அவர் ஐந்து பிள்ளை வளர்த்தவர். அவர் சொல்வதைத் தட்டவும் மனம் வரவில்லை.

கணவர் கதை வேறு. கொரோனா காலத்தில் தொடங்கிய ஜிங்க் மாத்திரையை இன்றுவரை விடாமல் போடுகிறார். சளி பிடிக்காது, எதிர்ப்புச் சக்தி கூடும் என்பார். பிள்ளைக்கும் இதை நிறுத்தாமல் ஆண்டு முழுக்கக் கொடுக்கலாம் என்கிறார்.

ஒருவர் இன்றே நிறுத்து என்கிறார், இன்னொருவர் நிறுத்தவே வேண்டாம் என்கிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வடசேரி_வாசி | திங்கள், காலை 10.05

தங்கச்சி, உங்கள் வீட்டுக்காரர் சொல்வதுதான் சரி. துத்தநாகம் இல்லாமல் உடம்பில் எதிர்ப்புச் சக்தி இல்லை. 2020, 2021 இரண்டு ஆண்டும் எங்கள் வீட்டில் ஏழு பேரும் ஜிங்க், வைட்டமின் சி, கபசுரக் குடிநீர் மூன்றையும் விடாமல் எடுத்தோம். ஒருவருக்கும் ஆஸ்பத்திரி வாசல் மிதிக்க வேண்டி வரவில்லை. உப்புச் சத்துதானே, என்ன கெடுதல் வந்துவிடப் போகிறது? கொடுங்கள்.

ஓய்வு_செவிலி | திங்கள், காலை 11.30

மக்ளே, முதலில் பிள்ளை விஷயம். மாத்திரையை நிறுத்தாதே. பதினான்கு நாளும் கொடுத்து முடி. பதினான்கு முடிந்ததும் அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கொடுக்காதே. உன் மாமிக்கும் வீட்டுக்காரருக்கும் இதுதான் பதில். ஏன் என்று சொல்கிறேன்.

வயிற்றாலை போகும்போது தண்ணீரும் உப்பும் போவது நமக்குத் தெரியும். கூடவே துத்தநாகமும் போகும். இரும்புக்கும் சில வைட்டமின்களுக்கும் உடம்பில் சேமிப்பு உண்டு, துத்தநாகத்துக்கு அப்படி ஒரு பத்தாயம் கிடையாது. அன்றன்றைக்குச் சாப்பாட்டில் வந்தால்தான் உண்டு. குடலின் உள்தோல் சில நாளைக்கு ஒருமுறை புதிதாக முளைப்பது. அது முளைக்கவும் துத்தநாகம் வேண்டும், நோய்க்கிருமியோடு சண்டை போடும் வெள்ளை அணு பெருகவும் வேண்டும். முதல் நாலைந்து மாத்திரை போக்கை நிறுத்த உதவுகிறது. மிச்சம் உள்ளது இழந்ததை நிரப்பவும், குடல் ஆறவும். முழுதாகக் கொடுத்தால் அடுத்த இரண்டு மூன்று மாதத்துக்கு மறுபடி வயிற்றுப்போக்கு வருவதும் குறைகிறது. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆனி, ஆடியில் ஒரு மழை, ஐப்பசி, கார்த்திகையில் ஒரு மழை. அடுத்த மழைக்கு முன்னால் பிள்ளையின் குடல் தேறியிருக்க வேண்டாமா?

உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் சேர்ந்து இந்த முறையை அறிவித்தது 2004-இல். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைக்கு நாளைக்கு 20 மில்லிகிராம், அதற்குக் கீழே 10, பத்து முதல் பதினான்கு நாள். அதே ஆண்டு டிசம்பர் 26-இல்தான் சுனாமி வந்தது. குளச்சல் பக்கம் முகாமில் நான் வேலை பார்த்தேன். ஒரே கூடத்தில் நூறு குடும்பம், ஒரே குழாய். அன்று எங்கள் கையில் ஓ.ஆர்.எஸ். மட்டும்தான். இந்த மாத்திரை எங்கள் கைக்கு வர இன்னும் சில ஆண்டு ஆனது. ஒரு பிள்ளைக்குப் போக்கு நிற்கும், பத்து நாள் கழித்து அதே பிள்ளையை அதே தாய் மறுபடி தூக்கிக்கொண்டு வருவாள். ஒவ்வொரு தடவையும் கை கால் இன்னும் கொஞ்சம் மெலிந்திருக்கும். அந்தப் பிள்ளைகள் முகம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அதனால்தான் ஒன்பது மாத்திரை அட்டையில் மிச்சம் என்று நீ எழுதியதைப் பார்த்ததும் கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

மாமியிடம் எதிர்த்துப் பேச வேண்டாம். "போக்கை நிறுத்துத மருந்து முடிஞ்சிட்டு மாமி, இது குடல் தேறுததுக்கு" என்று சொல். பிள்ளை வளர்த்தவர்களுக்கு அது புரியும்.

ஒன்று மறக்காதே. மலத்தில் ரத்தம் வந்தாலோ, கண் குழி விழுந்தாலோ, ஆறு மணி நேரம் மூத்திரம் போகாவிட்டாலோ, பிள்ளை துவண்டு குடிக்க மறுத்தாலோ, மாத்திரையை நம்பி வீட்டில் இருக்கக் கூடாது. உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

தக்கலைத்_தாய் | திங்கள், மதியம் 12.15

ரொம்ப நன்றி அம்மா. கொடுக்கிறேன். ஆனால் துப்புகிறானே, அதற்கு என்ன செய்ய? தேனில் குழைத்துக் கொடுக்கலாமா?

மருந்துக்கடை_மார்த்தாண்டம் | திங்கள், மதியம் 1.20

கடையில் நிற்கிறேன், சுருக்கமாகச் சொல்கிறேன்.

அது கரையும் மாத்திரை. இந்த வயதில் முழுங்கவோ கடிக்கவோ கொடுக்காமல் கரைத்தே கொடுங்கள். ஒரு தேக்கரண்டியில் மாத்திரையை வைத்து, கொதித்து ஆறிய தண்ணீர் கொஞ்சம் விடுங்கள். அசைக்க வேண்டாம். ஓரத்தில் இருந்து பொரிந்து, ஒரு நிமிடத்துக்குள் பால் மாதிரி ஆகிவிடும். அப்படியே நாக்கின் பின்பக்கம் விட்டு, உடனே இன்னொரு வாய் தண்ணீர். பால் குடிக்கும் குழந்தை என்றால் தாய்ப்பாலிலேயே கரைக்கலாம். துத்தநாகத்துக்கு ஒரு துவர்ப்பு, நாணயத்தை நக்கினது போல. அது நாக்கின் நுனியில் நின்றால் குமட்டும்.

வெறும் வயிற்றில் கொடுத்ததால்தான் வாந்தி எடுத்திருப்பான். கஞ்சி கொடுத்து அரை மணி நேரம் கழித்துக் கொடுத்துப் பாருங்கள். கொடுத்த அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் இன்னொரு முறை கொடுக்கலாம். தேன் இரண்டரை வயதுக்குப் பரவாயில்லை, நம் மார்த்தாண்டத்துத் தேனையே எடுத்துக்கொள்ளலாம். ஒரு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு மட்டும் தேன் ஆகவே ஆகாது.

சில டாக்டர்கள் இப்போது 20-க்குப் பதில் 10 எழுதுகிறார்கள். அளவு குறைந்துவிட்டதே என்று கவலைப்பட வேண்டாம். இந்தியாவிலும் தான்சானியாவிலும் 4,500 பிள்ளைகளிடம் செய்த ஆய்வு 2020-இல் வந்தது. 5, 10, 20 மூன்று அளவையும் ஒப்பிட்டார்கள். குறைந்த அளவும் ஏறக்குறைய அதே பலன் தந்தது, வாந்தி குறைவாக இருந்தது. உங்கள் மகன் தொடர்ந்து வாந்தி எடுத்தால் டாக்டரிடம் இதைக் கேளுங்கள். நீங்களாக அளவை மாற்ற வேண்டாம்.

உங்கள் கணவர் போடுவது என்ன மாத்திரை? பாட்டிலின் பின்பக்கம் பார்த்து எண்ணைச் சொல்லுங்கள்.

அகஸ்தீஸ்வரம்_ஆசிரியர் | திங்கள், மாலை 4.50

வகுப்பில் பல ஆண்டு உயிரியல் நடத்தியவன். துத்தநாகம் மனிதனுக்கு வேண்டும் என்பதை உலகத்துக்குக் காட்டியவர் பீகாரில் பிறந்த ஆனந்த பிரசாத் என்ற மருத்துவர். பாடப்புத்தகத்தில் அவர் பெயர் இல்லாதது எனக்கு நெடுநாள் வருத்தம்.

1958-இல் ஈரானின் ஷிராஸ் நகரத்தில் ஓர் இளைஞனை அவரிடம் கொண்டுவந்தார்கள். வயது 21, பார்த்தால் பத்து வயதுப் பையன். வளர்ச்சி இல்லை, பருவம் வரவில்லை, கல்லீரலும் மண்ணீரலும் வீங்கியிருந்தன. சாப்பாடு என்றால் புளிக்க வைக்காத ரொட்டிதான், கூடவே களிமண் தின்னும் பழக்கம். அப்படிப் பலர் அந்த ஊர்களில் இருந்தார்கள். 1961-இல் இதை எழுதினார். பிறகு எகிப்தில் இதே மாதிரி ஆட்களைச் சோதித்து, 1963-இல் இது துத்தநாகக் குறைவுதான் என்று நிறுவினார். துத்தநாகம் கொடுத்தபோது அவர்கள் வளர்ந்தார்கள், பருவம் வந்தது. அந்தக் குறைபாடு உள்ளவர்களில் பலர் 25 வயதைத் தாண்டுவதில்லை என்று அவருக்குச் சொல்லப்பட்டது. சாவுக்குக் காரணம் தொற்று நோய்கள். எதிர்ப்புச் சக்திக்கும் இந்த உலோகத்துக்கும் உள்ள தொடர்பை அவர் தேடிப் போனது அதனால்தான். அமெரிக்க அறிவியல் கழகம் துத்தநாகத்தை இன்றியமையாச் சத்து என்று ஏற்றது 1974-இல். 2022-இல் அவர் காலமானார்.

உடம்புக்குள் நடப்பது இது. நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்று ஒரு சுரப்பி. டி அணுக்கள் என்ற வெள்ளை அணுக்கள் பயிற்சி பெறும் இடம் அது. தைமுலின் என்ற அதன் ஹார்மோன் துத்தநாகம் சேர்ந்தால்தான் வேலை செய்யும். துத்தநாகம் குறைந்தால் தைமஸ் சுருங்கும், டி அணுக்கள் குறையும். முந்நூறுக்கும் மேற்பட்ட நொதிகளுக்கு அது வேண்டும். ஓர் உயிரணு இரண்டாகப் பிரிய டி.என்.ஏ. நகலெடுக்க வேண்டுமே, அதற்கும் வேண்டும். வேகமாகப் பிரிய வேண்டிய அணுக்கள்தான் முதலில் அடி வாங்கும். தோல், குடல், வெள்ளை அணு. இத்தனைக்கும் வளர்ந்த ஆளின் உடம்பு முழுவதும் இருப்பது இரண்டு மூன்று கிராம்தான்.

வடசேரி_வாசி | திங்கள், இரவு 8.10

ஐயா சொன்னதே போதுமே, இவ்வளவு வேலை செய்யும் சத்தைக் கூட்டிக் கொடுத்தால் சக்தி கூடத்தானே செய்யும்? இன்னொன்று. போன ஆண்டு எனக்குக் காய்ச்சல் வந்தபோது பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் கொடுத்துப் பார்த்தேன். துத்தநாகம் குறைவு என்றுதான் வந்தது. மாத்திரை போட்டும் குறைவு. போடாதவர்கள் கதி என்ன?

அகஸ்தீஸ்வரம்_ஆசிரியர் | திங்கள், இரவு 9.00

தம்பி, நீங்கள் கேட்டதில் இரண்டு விஷயம் இருக்கிறது, இரண்டையும் பார்ப்போம்.

காய்ச்சல் நேரத்தில் ரத்தத்தில் துத்தநாகம் குறைந்து காட்டுவது இயற்கை. உடம்பே அதை ஒளித்து வைக்கிறது. கிருமிக்கும் துத்தநாகம் வேண்டும். அதனால் தொற்று வந்ததும் கல்லீரல் ரத்தத்தில் இருப்பதை உள்ளே இழுத்துக்கொள்ளும். சீழ் பிடிக்கும் இடத்துக்கு ஓடிவரும் வெள்ளை அணுக்கள் கால்புரோடெக்டின் என்ற புரதத்தைக் கொட்டி, அங்கே உள்ள துத்தநாகத்தைக் கிருமிக்குக் கிடைக்காமல் பிடித்து வைக்கும். புயல் எச்சரிக்கை வந்ததும் கரையில் கிடக்கும் வலையை வீட்டுக்குள் எடுத்து வைப்பது போல. ஆகவே காய்ச்சல் நாளில் எடுத்த அந்தச் சோதனையை வைத்து உங்களுக்குக் குறைபாடு என்று முடிவு செய்ய முடியாது. தேறி சில வாரம் கழித்து, வெறும் வயிற்றில் எடுத்தால் ஓரளவு சொல்லலாம்.

அடுத்தது, கூட்டினால் கூடுமா என்பது. குறைந்தவனுக்குக் கொடுத்தால் நிமிர்வான். ஈரான் இளைஞன் கதை அதுதான், தக்கலைப் பிள்ளை கதையும் அதுதான். குறையாதவனுக்கு மேலே மேலே ஊற்றினால் குடம் வழியும். கொரோனாவில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். அமெரிக்காவில் 214 பேருக்குப் பத்து நாள், சிலருக்கு 50 மில்லிகிராம் துத்தநாக குளுக்கோனேட் என்ற சேர்மம், சிலருக்கு நிறைய வைட்டமின் சி, சிலருக்கு இரண்டும், சிலருக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். 2021-இல் முடிவு வந்தது. நோய் தணிய எடுத்த நாளில் சொல்லும்படியான வேறுபாடு இல்லை, ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். சளிக்கு வாயில் போட்டுச் சப்பும் துத்தநாக மிட்டாய் பற்றி வந்த ஆய்வுகள் சிலவற்றில் சளி ஒன்றிரண்டு நாள் முன்னதாகப் போயிருக்கிறது, சிலவற்றில் போகவில்லை. சளியே வராமல் தடுக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை.

உங்கள் வீட்டில் ஏழு பேரும் நலமாகத் தேறியதில் எனக்கு மெய்யாகவே மகிழ்ச்சி. அந்தப் பெருமையை மாத்திரைக்குக் கொடுக்க மட்டும் சான்று போதாது.

தக்கலைத்_தாய் | திங்கள், இரவு 9.45

மருந்துக்கடை அண்ணா, பாட்டிலைப் பார்த்தேன். "தனிமத் துத்தநாகம் 50 மில்லிகிராம்" என்று போட்டிருக்கிறது. தினம் ஒன்று. குளிர்காலத்தில் சளி பிடிக்கும் போலிருந்தால் இரண்டு போடுவார்.

மருந்துக்கடை_மார்த்தாண்டம் | செவ்வாய், காலை 8.15

அது அதிகம் தங்கச்சி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பட்டியல்படி, ஆணுக்கு ஒரு நாளைக்கு 17 மில்லிகிராம், பெண்ணுக்கு 13.2. சாப்பாடு, மாத்திரை எல்லாம் சேர்த்து 40-க்கு மேல் போகக் கூடாது. ஒரு மாத்திரையிலேயே அந்த வரம்பு தாண்டிவிடுகிறது. உங்கள் மகன் வயதுக்கு அன்றாடத் தேவை 3 மில்லிகிராமைச் சுற்றித்தான். 20 என்பது மருந்து அளவு, பதினான்கு நாளைக்கு மட்டும் என்று செவிலி அம்மா அழுத்திச் சொன்னது அதனால்தான்.

மற்றவர்களும் இந்த எண்ணைப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். சில பாட்டிலில் சேர்மத்தின் எடை இருக்கும், சிலதில் தனிமத்தின் எடை. துத்தநாக குளுக்கோனேட் 50 மில்லிகிராம் என்றால் அதில் உண்மையான துத்தநாகம் 7 மில்லிகிராம்தான் இருக்கும். "தனிம" என்று போட்டு 50 என்றால் முழுசாக 50.

வேறு மருந்து எடுக்கிறாரா என்றும் பாருங்கள். டாக்சிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாட்டிக்கைத் துத்தநாகத்தோடு சேர்த்துப் போட்டால் இரண்டும் வயிற்றில் ஒட்டிக்கொண்டு மருந்து ஏறாது. இரும்பு மாத்திரையோடும் ஒரே நேரத்தில் வேண்டாம், இடைவெளி விட வேண்டும்.

கருங்கல்_மகன் | செவ்வாய், காலை 10.30

இதை எழுத வேண்டும் என்று இரண்டு நாளாக நினைத்துக்கொண்டே இருந்தேன். பாட்டில் எண்ணைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் சித்தப்பாவுக்கு 58 வயது. ரப்பர் பால் வெட்டும் வேலை. கொரோனாவுக்குப் பிறகு யாரோ சொன்னார்கள் என்று 50 மில்லிகிராம் மாத்திரை காலையில் ஒன்று, இரவில் ஒன்று. ஒன்றரை ஆண்டுக்கு மேல் போட்டார். முதலில் மூச்சு வாங்கியது, மலையேறி மரம் வெட்ட முடியவில்லை என்றார். வயசாச்சு என்று விட்டோம். அப்புறம் பாதம் மரத்துப் போனது. காலில் செருப்பு கழன்று போனது தெரியாமல் தோட்டத்திலிருந்து வீட்டுவரை ஒற்றைச் செருப்போடு நடந்து வந்தார். அன்றைக்குத்தான் சித்தி பயந்து எனக்குப் போன் செய்தார்.

முதலில் போன இடத்தில் ரத்தசோகை என்று இரும்புச்சத்து ஊசி போட்டார்கள். பலனில்லை. சர்க்கரையும் இல்லை. மூன்றாவதாகப் பார்த்த டாக்டர்தான், "வேறென்ன மாத்திரை போடுகிறீர்கள், எல்லாவற்றையும் கொண்டுவாருங்கள்" என்றார். ஒரு துணிப்பையில் அள்ளிக்கொண்டு போய் மேசையில் கொட்டினோம். ஜிங்க் பாட்டிலைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, ரத்தத்தில் செம்புச் சத்து பார்க்க எழுதினார். அடிமட்டத்தில் இருந்தது. வெள்ளை அணுவும் குறைந்திருந்தது.

அவர் விளக்கியது இது. துத்தநாகம் அதிகமாகப் போனால் குடல் அணுக்கள் அதைப் பிடித்து வைக்க ஒரு புரதத்தை நிறைய உண்டாக்கும். அந்தப் புரதம் துத்தநாகத்தை விடச் செம்பை இறுக்கமாகப் பிடிக்கும். சில நாளில் அந்தக் குடல் அணு உதிர்ந்து மலத்தோடு போகும்போது பிடித்து வைத்த செம்பும் போய்விடும். செம்பு இல்லாமல் ரத்தம் ஊறாது, நரம்பும் கெடும். உடம்பில் செம்பு தேங்கும் வில்சன் நோய்க்குத் துத்தநாகத்தையே மருந்தாகக் கொடுப்பார்களாம், செம்பு ஏறாமல் தடுக்க.

மாத்திரையை நிறுத்தி, செம்பு கொடுத்த பிறகு ரத்தம் சில மாதத்தில் சரியானது. கால் மரப்பு முழுதாகப் போகவில்லை. இப்போதும் இரவில் விளக்குப் போடாமல் நடந்தால் சுவரைப் பிடித்துக்கொள்கிறார். எதிர்ப்புச் சக்திக்கு என்று போட்ட மாத்திரை அவருடைய வெள்ளை அணுவையே குறைத்துவிட்டது.

அக்கா, அண்ணனைத் தயவு செய்து ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். பாட்டிலையும் கொண்டு போங்கள்.

வடசேரி_வாசி | செவ்வாய், காலை 11.15

படித்தேன். எங்கள் வீட்டில் உள்ளதும் 50தான். அப்பாவுக்கு 70 வயது, ஒரு மாதமாகக் கால் எரிகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். இது அதுதானா என்று தெரியாது, ஆனாலும் இன்று சாயங்காலமே காட்டப் போகிறேன். நன்றி தம்பி. நேற்று நான் எழுதிய முதல் பதிலைப் பார்த்து யாரும் மாத்திரை வாங்க வேண்டாம்.

முட்டம்_கடலோரம் | செவ்வாய், மதியம் 2.00

மாத்திரை, மாத்திரை என்று பேசிக்கொண்டிருக்கிறீர்களே, சிப்பி பற்றி ஒருவரும் சொல்லவில்லையே!

எங்கள் பக்கம் பாறையில் ஒட்டிக்கிடக்கும் சிப்பி. முட்டம், குறும்பனை, இனயம் என்று கடற்கரை நெடுகப் பாறை உள்ள இடமெல்லாம் உண்டு. ஆண்கள் மூச்சைப் பிடித்து முங்கி, உளியால் கொத்திப் பெயர்த்து இடுப்பு வலையில் போட்டுக்கொண்டு வருவார்கள். கரையில் நாங்கள் பிரிப்போம். வாய் பிளந்து கிடந்து, தட்டியும் மூடாத சிப்பி செத்தது, அதைத் தூரப் போட வேண்டும். பானையில் தண்ணீர் அதிகம் ஊற்றக் கூடாது, ஒரு டம்ளர் போதும். மூடி வைத்தால் தன் தண்ணீரிலேயே வேகும். ஆவி வந்ததும் ஒவ்வொன்றாகத் தோடு திறக்கும், உள்ளே மஞ்சளும் ஆரஞ்சுமாகச் சதை. வெந்தும் திறக்காததைக் கத்தி விட்டுத் திறக்காதீர்கள். சதையின் ஓரத்தில் நூல் மாதிரி ஒரு நார் இருக்கும், அதைப் பிடித்து இழுத்து எறிந்துவிட்டு, தேங்காய்க் கொத்தும் மிளகும் கறிவேப்பிலையும் போட்டு வதக்கினால் மரச்சீனிக் (மரவள்ளி) கிழங்குக்கு வேறு கறி வேண்டாம்.

என் மகள் ஊட்டச்சத்துப் படிப்பு படிக்கிறாள். 100 கிராம் வெந்த சிப்பிச் சதையில் ஏறக்குறைய 2 முதல் 3 மில்லிகிராம் துத்தநாகம் என்கிறாள். மாட்டிறைச்சியில் அதைவிடக் கூடுதல், 4 முதல் 6 வரை. நண்டிலும் நல்ல அளவு. மீனில் அவ்வளவு இல்லை, சாளை, நெத்தோலி போல முள்ளோடு தின்னும் சின்ன மீன் பெரிய மீனைவிடப் பரவாயில்லை. வெறும் மரச்சீனியில் 100 கிராமுக்கு அரை மில்லிகிராம்கூடத் தேறாது. எங்கள் அம்மா காலத்தில் மீன் கிடைக்காத நாளில் கிழங்கும் பால் விடாத கட்டஞ்சாயாவும்தான். மூன்று வேளையும் கிழங்கு தின்று வளர்ந்த பிள்ளைகளுக்கு ஏன் சிரங்கும் வயிற்றாலையும் விடவில்லை என்று இப்போது படித்தால்தான் ஒருவேளை இதுவும் ஒரு காரணமோ என்று தோன்றுகிறது.

மீன்பிடித் தடைக்காலம் வந்தால் எங்கள் வீட்டுச் சாப்பாடே மாறிவிடும். நம் மாவட்டத்துக்கு இரண்டு தடை. கிழக்கே சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்கே குளச்சல் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. விசைப்படகு கிடந்தாலும் வள்ளமும் சிப்பியும் உண்டு, ஆனால் கடல் பொங்கும் நாளில் அதுவும் இல்லை. அந்த நாளில் முட்டையும் பயறும்தான் கை கொடுக்கும்.

பிள்ளைக்கு இப்போது சிப்பி வேண்டாம் தங்கச்சி. வயிறு முழுசாகத் தேறட்டும். சாக்கடை கலக்கும் இடத்துச் சிப்பியை யாருமே வாங்காதீர்கள். சிப்பி கடல் தண்ணீரை வடிகட்டித் தின்னும் ஜீவன், தண்ணீரில் உள்ள அழுக்கெல்லாம் அதற்குள் சேரும்.

அகஸ்தீஸ்வரம்_ஆசிரியர் | செவ்வாய், மாலை 5.20

அம்மா எழுதியதைப் படித்து நாக்கு ஊறினாலும், நான் சைவம். என்னைப் போன்றவர்களுக்கும் ஒரு வார்த்தை.

சைவச் சாப்பாட்டில் துத்தநாகம் இல்லாமல் இல்லை. எள், பூசணி விதை, நம் ஊர் அண்டிப்பருப்பு (முந்திரிப்பருப்பு), கொண்டைக்கடலை, சிறுபயறு, கேழ்வரகு எல்லாவற்றிலும் இருக்கிறது. ஒரு கைப்பிடி அண்டிப்பருப்பில் ஒன்றரை மில்லிகிராம் வரும். சிக்கல் வேறு. தானியத்திலும் பயற்றிலும் ஃபைட்டேட் என்று ஒரு பொருள் உண்டு, விதை தன் பாஸ்பரசைச் சேமித்து வைக்கும் வடிவம் அது. குடலில் துத்தநாகத்தைப் பிடித்துக்கொண்டு விடாது. ஈரான் இளைஞனின் ரொட்டியிலும் துத்தநாகம் இருந்தது, மாவு புளிக்காததால் ஃபைட்டேட் அப்படியே நின்று அதை ஏறவிடவில்லை.

நம் பாட்டிமார் கைப்பக்குவத்தை இந்த இடத்தில்தான் நான் வணங்குகிறேன். பயற்றை ஊற வைத்தால் ஃபைட்டேட் கொஞ்சம் குறையும், முளைகட்டினால் இன்னும் குறையும், மாவைப் புளிக்க வைத்தால் நன்றாகவே உடையும். இட்லி, தோசை, ஆப்பம் எல்லாம் புளித்த மாவு. கேழ்வரகை முளைகட்டி, காயவைத்து, வறுத்துத் திரித்துக் குழந்தைக்குக் கூழ் காய்ச்சுகிறோமே, அதுவும் இதே வழிதான். சம்பா அரிசிக் கஞ்சிக்குச் சிறுபயறு வைக்கும்போது, அவசரத்துக்குக் குக்கரில் போடாமல் முந்தின நாள் இரவே ஊறப் போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தால் போதும். அசைவம் சாப்பிடுபவர்களும் கவனியுங்கள், பயற்றோடு கொஞ்சம் மீனோ முட்டையோ சேர்ந்தால் துத்தநாகம் கூடுதலாக ஏறும்.

ஓய்வு_செவிலி | செவ்வாய், இரவு 7.40

யாருக்கு உண்மையிலேயே குறையும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எல்லோரும் மாத்திரையைக் கண்டு மிரண்டுவிடுவார்கள். அடிக்கடி வயிற்றாலை போகும் பிள்ளைகள். எடை ஏறாத பிள்ளைகள், இவர்களுக்கு வயிற்றுப்போக்கு நேரத்தில் இந்த மாத்திரையின் பலன் இன்னும் கூடுதல். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார். தினம் குடிப்பவர்கள், கல்லீரல் கெட்டவர்கள். குடல் அறுவை செய்தவர்கள். பல் போய், கஞ்சியும் ரசமுமாகவே நாளைக் கடத்தும் வயதானவர்கள். கஞ்சி குடிக்கும் பாட்டி "ஒண்ணும் ருசிக்கலை" என்றால் உப்பு போதவில்லை என்று நினைக்காதீர்கள், துத்தநாகம் குறைந்தாலும் நாக்கு மரத்துப் போகும். புண் ஆறாமல் இழுத்தால், வாயைச் சுற்றித் தடிப்பு வந்தால், முடி கொத்தாகக் கொட்டினால் டாக்டரிடம் சொல்லுங்கள். அவர் பார்த்து, அளவும் நாளும் சொல்லிக் கொடுக்கட்டும்.

தக்கலைத்_தாய் | அடுத்த புதன், மாலை 6.30

எல்லோருக்கும் நன்றி சொல்ல வந்தேன். இன்று காலையோடு பதினான்கு மாத்திரையும் முடிந்தது. கரண்டியில் கரைத்துக் கொடுத்த பிறகு ஒரு நாள்கூட வாந்தி இல்லை. கடைசி நாலைந்து நாள் மாமிதான் கொடுத்தார். மாத்திரை பொரிந்து கரைவதை அவனிடம் காட்டி, "பாத்தியா, மீன் முட்டை இடுது" என்று சொல்லி, அவன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே விட்டுவிடுவார்.

கணவரைக் கூட்டிக்கொண்டு போனேன். செம்பு அளவு வரம்பின் கீழ் ஓரத்தில் இருக்கிறது, ரத்தம் சரியாக இருக்கிறது. மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள், மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். கருங்கல் தம்பி, உன் சித்தப்பா கதையை அவரே உட்கார்ந்து இரண்டு தடவை படித்தார். பாட்டிலை என் கையில் தந்துவிட்டார்.

முட்டம் அக்கா, பிள்ளைக்கு எத்தனை நாள் கழித்துச் சிப்பி கொடுக்கலாம்?

வடசேரி_வாசி | அடுத்த புதன், இரவு 8.00

அப்பாவுக்குக் கால் எரிச்சல் சர்க்கரையால் வந்ததாம், இதுவரை எங்களுக்குத் தெரியவே தெரியாது. இப்போது சிகிச்சை தொடங்கிவிட்டோம். செம்பு சரியாக இருக்கிறது. 50 மாத்திரையை எல்லோரும் நிறுத்திவிட்டோம்.

முட்டம்_கடலோரம் | அடுத்த புதன், இரவு 8.25

இன்னும் இரண்டு வாரம் போகட்டும் தங்கச்சி. முதல் நாள் ஒரே ஒரு சிப்பி, நன்றாக வேகவைத்து, மிளகாய் போடாமல், பொடியாக நறுக்கிச் சோற்றில் பிசைந்து கொடு. மேலில் தடிப்போ உதட்டில் வீக்கமோ வருகிறதா என்று இரண்டு மணி நேரம் பார். சிலருக்குச் சிப்பி ஒத்துக்கொள்ளாது. ஒன்றும் இல்லை என்றால் அடுத்த தடவை மூன்று கொடு. கடல் அமர்ந்ததும் எங்கள் ஆட்கள் முங்கப் போவார்கள், நல்ல சிப்பி வந்த அன்று இங்கேயே எழுதுகிறேன்.